ரயில் மாதிரி கிட் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: இன்ஜினும் வேகனும்

பெட்டியைத் திறந்ததும் வரும் சந்தேகம் முதல், எல்லாம் முடிந்த பிறகும் சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது வரும் சந்தேகம் வரை, பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். பதில்கள் எல்லாம் ஒரே வரிசையை வற்புறுத்துகின்றன: வண்டி முதலில் ஓட வேண்டும், அழகு அதற்குப் பிறகு.

எச்ஓ, ஓஓ, என், ஓ... இதெல்லாம் என்ன? எதுல ஆரம்பிக்கிறது?

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம் கேஜ். எச்ஓ 1:87, கேஜ் 16.5 மி.மீ. பிரிட்டிஷ் ஓஓ 1:76.2, கேஜ் அதே 16.5. டிடி 1:120, 12 மி.மீ. என் கேஜ் எங்கும் 9 மி.மீ.தான், ஆனால் ஸ்கேல் மாறும்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. ஓ கேஜ் 32 மி.மீ.; பிரிட்டனில் 1:43.5, ஜெர்மனியில் 1:45, அமெரிக்காவில் 1:48. ஆகவே "ஓ கேஜ் கிட்" என்று மட்டும் பார்த்து வாங்கினால் பக்கத்தில் நிற்கும் வண்டியோடு உயரம் ஒத்துப்போகாது.

முதல் கிட்டுக்கு எச்ஓ அல்லது ஓஓ அளவில் நான்கு சக்கர பிளாஸ்டிக் வேகன் போதும். என் அளவில் கைப்பிடிக் கம்பி தலைமுடி போல இருக்கும்; பித்தளைக் கிட் அந்த அளவில் பழகிய கைக்கே சோதனை. ஓ அளவில் உதிரிகளைப் பிடிக்க எளிது, ஆனால் பெரிய பித்தளைத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். இடைவெளி ஒன்று விழுந்தாலும் கண்ணில் குத்தும்.

ஓஓவும் எச்ஓவும் ஒரே தண்டவாளம்னா ரெண்டும் ஒண்ணுதானே?

ஓடும். ஆனால் ஓஓ வண்டி ஏழில் ஒரு பங்கு பெரியது; ஒரே ரயிலில் கோத்தால் தெரிந்துவிடும். பிரிட்டனின் நிஜத் தண்டவாள அகலமான 1435 மி.மீ.-ஐ 76.2 ஆல் வகுத்தால் 18.83 வரும். ஓஓ தண்டவாளம் அதைவிட 2.3 மி.மீ. குறுகியது. அந்தக் குறை பொறுக்காதவர்கள்தான் அதே ஸ்கேலில் இஎம் (18.2 மி.மீ.), பி4 (18.83 மி.மீ.) என்ற அகலமான கேஜ்களுக்குப் போகிறார்கள்.

கிட் கட்டுபவருக்கு இது ஏன் முக்கியம்? பல பித்தளை சேசிஸ் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) கிட்டுகளில், இரண்டு பக்கச் சட்டங்களையும் விலக்கி நிறுத்தும் இடைத்தகடுகள் மூன்று அகலத்தில் வரும். ஓஓ கட்டுபவர் தவறிப்போய் பி4 தகட்டைப் பற்றவைத்தால் சக்கரங்களுக்கு நடுவே சேசிஸ் நுழையாது. வெட்டி எடுக்கும் முன் அளந்து, வேண்டாததைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள்.

என்னென்ன கருவி வேணும்? பெரிய செட்டா வாங்கணுமா?

வேண்டாம். பிளாஸ்டிக் கிட்டுக்கு: கூர்மையான கத்தி, தட்டையான வாயுள்ள சிறு வெட்டுக்குறடு, இரண்டு ஊசி அரம், 400-லிருந்து 1000 வரை உப்புத்தாள், சாமணம், எஃகு ஸ்கேல், சிறு மூலைமட்டம், கையால் திருகும் பின்வைஸும் 0.3 முதல் 1 மி.மீ. வரை டிரில் பிட்டும். உலோகக் கிட்டுக்கு இவற்றோடு சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், துளையை மெல்ல மெல்ல அகலமாக்கும் கூம்பு ரீமர், வெர்னியர் காலிப்பர். இரண்டு பட்டியலிலும் சேர வேண்டியது தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று. தட்டையா, கோணலா என்று சொல்ல அதைவிட நம்பகமான சாமான் கிடையாது.

பிளாஸ்டிக் கிட்டுக்கு எந்தப் பசை? சூப்பர் க்ளூ போட்டா ஆகாதா?

கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்குத் திரவக் கரைப்பான்தான் சரி. அது பசையே அல்ல. இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். உதிரிகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் இணைப்பின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானாக உள்ளே ஓடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருந்தால் அடியில் ஓடி, கைரேகையைப் பக்கச்சுவரில் பதித்துவிடும்.

சூப்பர் க்ளூ உலோகத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கவும், ரெசினுக்கும் உதவும். இரண்டு இடத்தில் மட்டும் ஆகாது. கண்ணாடி ஜன்னல் அருகே வைத்தால் ஆவி படிந்து வெண்மூட்டம் கட்டும். அங்கே வெள்ளைப் பிவிஏ பசை போடுங்கள். அசிட்டால் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் வார்த்த கப்ளிங்கை (வண்டிகளை இணைக்கும் கொக்கி) எந்தப் பசையும் பிடிக்காது. அதைத் திருகால் அல்லது பொருத்துக்குழியால்தான் நிறுத்த வேண்டும்.

வேகன் கட்டி முடிச்சா மூணு சக்கரம்தான் தொடுது. நாலாவது ஆடுது. ஏன்?

தளமும் பக்கங்களும் மூலைமட்டத்தில் இல்லை, அல்லது சக்கரத்தைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டங்களில் ஒன்று முறுக்கிக்கொண்டது. கரைப்பான் காய்ந்த பிறகு திருத்துவது கடினம். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஒரு பக்கமும் ஒரு முனையும் 'எல்' வடிவில், மூலைமட்டத்தில். அதேபோல் இன்னொரு ஜோடி. பிறகு இரண்டையும் தளத்தைச் சுற்றிச் சேர்ப்பது. பக்கச் சட்டங்களை ஒட்டியதும் சக்கரங்களை மாட்டி, ஈரம் காயும் முன்பே கண்ணாடியில் நிறுத்தி, மேலே லேசாக அழுத்திவைத்து ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டால், ஒரு முனையின் சக்கரச் சட்டத்தை அறுத்தெடுத்து, நடுவில் கம்பி அச்சில் ஆடும் பித்தளைச் சட்டம் போடலாம். ஒரு அச்சு நிலையாகவும் மற்றது ஆடுவதாகவும் இருந்தால் வண்டி மூன்று புள்ளியில் நிற்கும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, அதே கணக்குதான். இஎம், பி4 காரர்கள் இதைத் தொடக்கத்திலிருந்தே செய்வார்கள். அவர்களது சக்கர விளிம்பு மிகச் சிறியது, கோணலை மன்னிக்காது.

நாலு சக்கரமும் தொடுது, ஆனாலும் தள்ளினா நிக்குது. எண்ணெய் விடணுமா?

எண்ணெய் கடைசி மருந்து. ஓஓ வேகன் அச்சு பெரும்பாலும் 26 மி.மீ. நீளம், இரண்டு முனையும் ஊசிக்கூர். அது பித்தளைக் கிண்ண பேரிங்கின் அடியைக் கூர்முனையால் மட்டும் தொட வேண்டும். பேரிங் உட்காரும் 2 மி.மீ. விட்டத் துளையின் ஆழம் போதாமல் இருந்தால் சட்டம் அச்சை இறுக்கும். துளை ஆழமானால் அச்சு பக்கவாட்டில் நெளிந்து தோள்பட்டை உரசும். அச்சை இடவலமாக அசைத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு நகர வேண்டும். அவ்வளவுதான் இடைவெளி. பித்தளைப் பேரிங் இல்லாமல் பிளாஸ்டிக்கிலேயே ஓடவிட்டால் முதலில் நன்றாக ஓடும், தேய்ந்ததும் அச்சு சரியும்.

அடுத்தது, சக்கரங்களின் உள்முக இடைவெளி. ஓஓவில் 14.4 முதல் 14.5 மி.மீ., இஎம்மில் 16.5, ஓவின் நுணுக்க அளவான ஃபைன்ஸ்கேலில் 29-ஐ ஒட்டி. புதுச் சக்கரம் என்பதால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், ஒவ்வொன்றையும் அளந்துபாருங்கள். பாயின்ட்டில் (தண்டவாளம் கிளை பிரியும் இடம்) மட்டும் தடம்புரளும் வேகன்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பிரேக் கட்டை சக்கரத்தை உரசுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

எடை எவ்வளவு வைக்கணும்?

பிரிட்டிஷ் 4 மி.மீ. ஸ்கேல்காரர்களின் (நிஜத்தின் ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது ஓஓ, இஎம், பி4) பழைய கணக்கு, அச்சுக்கு 25 கிராம். நான்கு சக்கர வேகனுக்கு 50. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரை எச்ஓவுக்கு 1 அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும். அதாவது 15 செ.மீ. வேகன் ஏறக்குறைய 112 கிராம். எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரே ரயிலில் எல்லா வண்டிக்கும் ஒன்றாக இருக்கட்டும். கனமான வண்டிகளுக்கு முன்னால் லேசானது ஒன்று இருந்தால் வளைவில் உட்பக்கம் இழுத்துப் போட்டுவிடும்.

எடைக்காக ஈயக் குண்டைப் பிவிஏ பசையில் குழைத்து ஊற்றாதீர்கள். மூடிய இடத்தில் பசையின் அமிலம் ஈயத்தைத் தின்று வெண்ணிறக் கார்பனேட்டாக உப்பவைக்கும். சில வருடத்தில் பாய்லரோ டாங்க்கோ வெடித்துப் பிளக்கும். எபாக்சியில் பதியுங்கள். மூடிய பெட்டிக்குள் கரைப்பானையும் தாராளமாக விடாதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் சில மாதத்தில் பக்கச்சுவர் உள்வாங்கும். தளத்தில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால் போதும்.

பித்தளைத் தகட்டு கிட் வாங்கிட்டேன். எப்படி மடக்குறது? கோடு வெளியே வரணுமா, உள்ளேயா?

இந்தக் கிட்டின் உதிரிகள் ரசாயனத்தால் தகட்டை அரித்துச் செய்தவை; மடக்குவதற்காகப் பாதி ஆழம் அரித்த கோடு மடிப்பின் உட்பக்கம் வர வேண்டும், கிட்டின் குறிப்பு வேறு சொன்னால் ஒழிய. மடக்கும் முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. பின்பக்கம் புள்ளியாக அரித்திருக்கும் ரிவெட்டுகளை மொட்டை ஊசியால் அமுக்கி முன்பக்கம் எழுப்புங்கள். மடக்கிய பிறகு ஊசி எட்டாது. அடுத்து ஓரங்களை அரத்தால் சீவுங்கள். ரசாயனம் இரண்டு பக்கமிருந்தும் தின்பதால் தகட்டின் நடுத்தடிப்பில் ஒரு கூர்மேடு நிற்கும். அது இருந்தால் இரண்டு உதிரிகள் ஒட்டி உட்காராது.

பிறகு எஃகு ஸ்கேலைக் கோட்டோடு வைத்து, நீளம் முழுவதையும் ஒரே வீச்சில் மடக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விரலால் மடக்கினால் நெளியும். முன்னும் பின்னும் மூன்று தடவை ஆட்டினால் முறியும். மடித்த மூலையின் உட்பக்கம் சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகம்) ஓடவிட்டால்தான் பலம். அரிப்பில் வரும் துளைகள் வேண்டுமென்றே சிறிதாக இருக்கும், ரீமரால் திறந்துகொள்ள வேண்டியவை. தகட்டின் வெற்றுச் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டையான நல்ல பித்தளைப் பட்டை அது.

சால்டர் உருண்டு உருண்டு நிக்குது, ஓட மாட்டேங்குது.

அழுக்கு, அல்லது சூடு போதவில்லை. தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து, ஃப்ளக்ஸ் (சால்டரை ஓடவைக்கும் ரசாயனம்) தடவி, அயர்னின் நுனியை அல்ல, அகன்ற முகத்தை வையுங்கள். சூடாக வேண்டியது உலோகம். சால்டர் அதைத் தொட்டு உருகி, இணைப்புக்குள் தண்ணீர் போல ஓட வேண்டும். பித்தளைக்குப் பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் நன்றாக வேலை செய்யும். வேலை முடிந்த அன்றைக்கே வெந்நீரிலும் பல்துலக்கும் பிரஷ்ஷிலும் கழுவிவிடுங்கள். விட்டால் காலையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் அது தங்கினால் பிறகு பெயின்ட்டையே தூக்கும். மின்கம்பி இணைக்க இந்த அமிலம் ஆகாது, அங்கே ரோசின் உள்ளீடு கொண்ட சால்டர்தான்.

பெரிய இணைப்புகளுக்கு 180 டிகிரியை ஒட்டி உருகும் சால்டர், நுண் உதிரிகளுக்கு 145 டிகிரி என்று இறங்கு வரிசையில் போனால், இரண்டாவதை வைக்கும்போது முதலாவது கழன்று விழாது. முன்பு வைத்ததன் மேல் ஈரப் பஞ்சைப் போட்டு வைப்பதும் உதவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

வொயிட்மெட்டல் உதிரியைப் பித்தளையில எப்படி ஒட்டுறது? ஒண்ணு ஏற்கெனவே உருகிப்போச்சு.

வழக்கமான அயர்ன் நுனி 350 டிகிரியைத் தொடும். எளிதில் உருகும் வார்ப்பு உலோகமான வொயிட்மெட்டல் அதற்கு வெகு முன்பே குட்டையாகிவிடும். இதற்கென்றே 70 டிகிரியில் உருகும் சால்டர் உண்டு. ஆனால் அது வெற்றுப் பித்தளையில் பிடிக்காது. முதலில் பித்தளையின் மேல் 145 டிகிரி சால்டரை மெல்லிய படலமாக, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலப் பூசுங்கள். பிறகு அயர்னைக் குறைத்து, வொயிட்மெட்டல் உதிரியை வைத்து, ஃப்ளக்ஸ் தாராளமாக விட்டு, 70 டிகிரி சால்டரை நுனியில் ஏந்திக் கொண்டுபோய் வையுங்கள். உதிரியின் கழிவுத் துண்டில் ஒரு முறை பரீட்சை பார்த்தே சூட்டை முடிவு செய்யுங்கள். புகைபோக்கி, டோம் (பாய்லர் மேல் உள்ள குமிழ்) போன்ற கனமான வார்ப்புகளுக்கு எபாக்சியே போதும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ரெசின், 3டி பிரின்ட் கிட் வளைஞ்சு வந்திருக்கு. திருப்பி அனுப்பணுமா?

60 டிகிரி அளவு வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டு, கண்ணாடியில் தட்டையாகப் பிடித்துக் குளிரவிடுங்கள். பெரும்பாலும் நேராகும். ரெசின் வார்ப்பில் அச்சிலிருந்து கழலப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும், சோப்பு நீரில் கழுவாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. ராவும்போது ஈரமாக ராவுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இன்ஜின் சேசிஸ் கட்டினா சக்கரம் சிக்கிச் சிக்கிச் சுத்துது. எங்கே தப்பு?

பெரும்பாலும் கப்ளிங் ராடின் (சக்கரங்களை வெளிப்பக்கத்தில் ஒன்றோடொன்று கோக்கும் தண்டு) துளை இடைவெளியும் அச்சுத் துளை இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. அதனால் ராடுகளை முதலில் கட்டுங்கள், சேசிஸை அப்புறம். பேரிங்குகளைத் தனித்தனியாக நிறுத்தும் சேசிஸில், முனை மெலிந்த நீள அச்சுகளைச் செருகி, அவற்றின் முனையில் ராடையே மாட்டி, ராடு எங்கே நிறுத்துகிறதோ அங்கே பேரிங்கைப் பற்றவையுங்கள். அப்போது தவறு இருந்தாலும் இரண்டும் ஒரே தவறு, சக்கரம் சுற்றும்.

அடுத்தது குவார்ட்டரிங். இடப்பக்கக் கிராங்க் பின்னும் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளை) வலப்பக்கக் கிராங்க் பின்னும் 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். ஒரு பக்கம் ராடும் கிராங்கும் நேர்கோட்டில் நின்று தள்ள முடியாமல் போகும்போது மறுபக்கம் இழுக்கும். சரியாக 90 இல்லாமல் 88 என்றாலும் ஓடும், ஆனால் எல்லா அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். சதுர முனை அச்சு உள்ள சக்கரங்களில் இது தானாக அமையும். மற்றவற்றில், ஒரு பக்கம் ஆரக்காலை நேர் மேலே நிறுத்தி, மறுபக்க ஆரக்கால் படுக்கையாக இருக்கிறதா என்று சேசிஸ் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிக்கலைத் தேடும் முறை: மோட்டாரைக் கழற்றுங்கள். ஒரு பக்க ராடுகளை மட்டும் மாட்டித் தள்ளுங்கள், பிறகு மறுபக்கம் மட்டும். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் சிக்கினால் குவார்ட்டரிங். ஒரு பக்கம் மட்டுமே சிக்கினால் அந்த ராடின் துளை. ஆறு சக்கர இன்ஜினில் முதலில் இரண்டு அச்சை மட்டும் ராடால் சேர்த்து ஓடவைத்து, பிறகுதான் மூன்றாவது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ராடின் துளையை ரீமரால் பெரிதாக்கிக்கொண்டே போவது கடைசிப் புகல். 0.1 மி.மீ. தளர்வு போதும், அதற்கு மேல் போனால் வண்டி நொண்டும்.

எந்த மோட்டார், எந்த கியர் விகிதம் போடலாம்?

கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். ஓஓவில் 20 மி.மீ. விட்டச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 62.8 மி.மீ. நகரும். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் மோட்டாருக்கு 40:1 கியர் போட்டால் சக்கரம் நொடிக்கு 5 சுற்று, அதாவது 314 மி.மீ. அதை 76.2 ஆல் பெருக்கினால் நிஜ அளவில் மணிக்கு 86 கி.மீ. ஷன்டிங் (யார்டில் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்) இன்ஜினுக்கு இது அதிகம். 60:1 போட்டால் 57-க்கு இறங்கும், மெதுவாக நகர்வதும் சீராகும். எக்ஸ்பிரஸுக்கு 30:1 கூடப் பொருந்தும்.

வார்மும் (மோட்டார் தண்டில் உள்ள திருகு வடிவ கியர்) பல்சக்கரமும் இறுக்கமாகக் கடித்தால் உறுமும், தளர்ந்தால் பல் தேயும். மெல்லிய சிகரெட் தாள் ஒன்றை நடுவில் வைத்து நெருக்கி, பிறகு தாளை உருவினால் வரும் இடைவெளி சரியாக இருக்கும்.

டிசிசி போட்டதும் டீகோடர் புகைஞ்சிடுச்சு. மோட்டார் நல்லாத்தான் ஓடிச்சே?

டிசிசி என்பது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை; டீகோடர் அதை வாங்கி மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகை. சாதாரண 12 வோல்ட்டில் ஓடியது எதையும் நிரூபிக்காது. பழைய வகை திறந்த மோட்டார்களில் ஒரு பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் செலுத்தும் தொடுமுனை) நேராக சேசிஸைத் தொட்டபடி இருக்கும். டீகோடருக்கு மோட்டாரின் இரண்டு முனையும் தண்டவாளத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்க வேண்டும். மீட்டரை வைத்து ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே சோதியுங்கள். எங்கும் பீப் வரக் கூடாது. பிறகே இணையுங்கள்: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு.

மின்சாரம் எடுக்கும் கம்பி 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ், சக்கரத்தின் பின்முகத்தை மயிலிறகு போலத் தொட்டால் போதும். அழுத்தினால் அதுவே பிரேக். உலோக சேசிஸே ஒரு பக்க மின்வழியாக இருக்கும் இன்ஜினில் காப்பிட்ட சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒரு ஜோடி திரும்பிவிட்டால் ஷார்ட். சில வளைவில் மட்டும் ஷார்ட் ஆனால் பிரேக் கட்டையையும் படிக்கட்டின் பின்பக்கத்தையும் சந்தேகியுங்கள்.

பெயின்ட் அடிச்சா உரிஞ்சு வருது. எழுத்து ஒட்டினா சுத்தி வெள்ளையா தெரியுது.

உரிவது பித்தளையிலா? அப்படியானால் எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) போடவில்லை, அல்லது முன்பு சொன்ன ஃப்ளக்ஸ் மிச்சம். கழுவி, உலரவிட்டு, அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பூச்சு மெல்லியதாக, இரண்டு மூன்று முறை. ஒரே பூச்சில் மூட முயன்றால் ரிவெட்டுகள் மூழ்கும். தூய கறுப்பு சின்ன வண்டியில் ஓட்டை போலத் தெரியும், கொஞ்சம் சாம்பல் கலந்தால் வடிவம் வெளிவரும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளையாகத் தெரிவது அடியில் சிக்கிய காற்று. மேட் (பளபளப்பற்ற) பரப்பு நுண்ணிய கரடுமுரடு. முதலில் பளபள வார்னிஷ், அதன் மேல் நீரில் நழுவும் எழுத்து, இளக்கும் திரவம், உலர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக்க மேட் வார்னிஷ். சக்கரத்தின் ஓடும் விளிம்பில் பெயின்ட் படாமல் மறையுங்கள்.

பாதியில கோணலா கட்டிட்டேன். பிரிச்சு எடுக்க முடியுமா?

எதில் கட்டியது என்பதைப் பொறுத்தது. 70 டிகிரி சால்டரில் கட்டிய வொயிட்மெட்டல் இன்ஜினைக் கொதிக்கும் நீரில் போட்டால் இணைப்புகள் தானாகக் கழலும், உதிரி உருகாது. எபாக்சியும் அதே நீரில் இளகும். பித்தளையைத் திரும்பச் சூடாக்கிப் பிரித்து, பழைய சால்டரைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்கலாம். சூப்பர் க்ளூ இணைப்பு ஃப்ரீசரில் ஒரு இரவு இருந்தால் நொறுங்கும் தன்மை கொள்ளும், பக்கவாட்டில் தட்டினால் விடும்.

கரைப்பானில் ஒட்டிய பிளாஸ்டிக்தான் பிரியாது. அங்கே மெல்லிய ரம்பத்தால் கோட்டோடு அறுத்து, போன தடிப்புக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளைச் சேர்த்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.